பெர்ஃபார்மன்ஸ் வேலை: எந்த இடத்தில் செய்தால் கருகாமல் இருக்கலாம்?

லோ-லெவல் பெர்ஃபார்மன்ஸ் வேலையில் (மெஷினுக்கு நெருக்கமாக இறங்கி புரோகிராமை வேகமாக்கும் வேலை) நாலைந்து வருடம் ஓட்டியவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. இருக்கிற இடத்திலேயே தொடர்வதா, கேம் என்ஜின் பக்கம் போவதா, டிரேடிங் நிறுவனத்துக்குத் தாவுவதா, ஓப்பன் சோர்ஸில் இறங்குவதா, இல்லை எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு சாதாரண அப்ளிகேஷன் வேலைக்குத் திரும்புவதா? பெரும்பாலானவர்கள் சம்பளத்தையும் தொழில்நுட்பத்தையும் வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். இரண்டும் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மூன்றாம் வருடம் ஒருவர் அங்கே உற்சாகமாக இருப்பாரா, எரிந்து தீர்ந்திருப்பாரா என்பது அந்த இரண்டில் தெரிவதில்லை. நான் முதலில் பார்ப்பது வேறு: அந்த இடத்தில் "போதும், நிறுத்து" என்று சொல்வது யார்?

மற்ற புரோகிராமிங் வேலைகளுக்கு ஒரு முடிவு தானாகவே இருக்கிறது. பட்டன் வேலை செய்கிறது, டெஸ்ட் பாஸ் ஆகிறது, டிக்கெட்டை மூடிவிடலாம். வேகத்துக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. 10 மில்லி விநாடி 6 ஆனால், ஏன் 5 ஆகக்கூடாது என்று மனம் அரிக்கும். போதாக்குறைக்கு இந்த வேலைக்கு வந்து சேருகிறவர்களும் பெரும்பாலும் விடாப்பிடிக்காரர்கள். ஒரு சைக்கிள் (பிராசஸர் கடிகாரத்தின் ஒரு துடிப்பு) எங்கே போனது என்று தெரியாமல் தூங்கமாட்டார்கள். அதே குணம்தான் அவர்களை இந்த வேலையில் கெட்டிக்காரர்களாக்குகிறது, அதே குணம்தான் படுக்கவும் வைக்கிறது.

பர்ன்அவுட்டை வெறும் களைப்பு என்று எடுத்துக்கொண்டால் ஒப்பீடே தப்பாகப் போகும். உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் சக ஆய்வாளருடன் 1981-ல் வெளியிட்ட அளவுகோல் அதை மூன்றாகப் பார்த்தது: ஆற்றல் வற்றிப்போவது, வேலை மீதே கசப்பும் விலகலும் வருவது, நாம் செய்வதால் எதுவும் ஆகவில்லை என்ற எண்ணம் குடியேறுவது. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 வகைப்பாட்டுக்கு எழுதிய விளக்கத்திலும் ஏறக்குறைய இதே மூன்றுதான் இருக்கின்றன. அதை நோய் என்று சொல்லாமல், வேலை சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள். இவற்றில் மூன்றாவதுதான் நம் துறைக்காரர்களை அதிகம் சாய்க்கிறது என்பது என் எண்ணம். ராத்திரி பத்து மணிவரை உட்காருவது இவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. உட்கார்ந்தது விழலுக்கு இறைத்த நீரா, இல்லையா என்பதே தெரியாமல் போவதுதான் தாங்குவதில்லை.

அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஹாஷ் டேபிளில் தேடும் ஃபங்ஷன் ஒன்றை மாற்றி எழுதுகிறீர்கள். பெஞ்ச்மார்க் (வேகத்தை அளக்கும் சோதனை) 2 சதவீதம் முன்னேற்றம் காட்டுகிறது. மறுபடி ஓட்டினால் அரை சதவீதம். டர்போவை (பிராசஸர் தானே வேகம் கூட்டிக்கொள்ளும் வசதி) அணைத்து, ஒரே கோரில் கட்டிவைத்து ஓட்டினால் முன்பைவிட மெதுவாக இருக்கிறது. இன்னொருவர் தன் அக்கவுண்டில் அதே பைனரியை ஓட்டினால் 3 சதவீதம் வேகம். யாரும் தப்பு செய்யவில்லை. 2009-ல் மிட்கோவிச், திவான் உள்ளிட்ட நால்வர் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்து காட்டியது. யூனிக்ஸ் என்விரான்மென்ட் வேரியபிள்களின் (யூசர் பெயர் போல, சிஸ்டம் ஒவ்வொரு புரோகிராமுக்கும் தரும் விவரங்கள்) மொத்த நீளம் மாறினால் போதும், புரோகிராமின் வேகம் மாறிவிடுகிறது. அவை ஸ்டாக்குக்கு (ஃபங்ஷன்கள் தற்காலிக மதிப்புகளை வைக்கும் மெமரிப் பகுதி) மேலே உட்காருவதால், நீளம் கூடினால் ஸ்டாக் தொடங்கும் முகவரி நகர்கிறது, அலைன்மென்ட் (டேட்டா மெமரியில் எந்த எல்லையில் தொடங்குகிறது என்பது) மாறுகிறது. ஆப்ஜெக்ட் ஃபைல்களை எந்த வரிசையில் லிங்க் செய்தோம் என்பதற்கும் இதே கதிதான். அதாவது யூசர் பெயர் நீளமாக இருப்பதற்கே ஒருவருக்குப் பாராட்டு கிடைத்துவிட வாய்ப்பிருக்கிறது!

இதற்கு நேர் எதிரான அனுபவமும் இதே வேலையில்தான் இருக்கிறது. இரண்டு த்ரெட்கள் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்), ஆளுக்கொரு 8 பைட் கவுன்ட்டர். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை, ஆனால் ஸ்ட்ரக்டில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் இரண்டும் ஒரே 64 பைட் கேஷ் லைனுக்குள் (பிராசஸர் தன் பக்கத்து வேக மெமரிக்கு ஒரே மூச்சில் கொண்டுவரும் துண்டு) விழுந்துவிட்டன. ஒரு கோர் எழுதும்போதெல்லாம் மற்றொன்றின் காப்பி செல்லாததாகிறது, லைன் இங்கும் அங்கும் பந்தாடப்படுகிறது. த்ரெட் கூடக்கூட வேகம் குறைகிறது. இப்படிப்பட்ட மோதலைக் காட்டும் லினக்ஸ் கருவியான பெர்ஃப் சி2சி-யை ஓட்டினால் அந்த ஒரு லைனின் முகவரி பட்டியலின் உச்சியில் நிற்கும். இரண்டாவது கவுன்ட்டரை அடுத்த லைனுக்குத் தள்ளும் ஒரே ஒரு அலைன்மென்ட் குறிப்பு, அவ்வளவுதான். கிராஃப் நிமிர்ந்துவிடும். காரணம் தெரிந்தது, காரணத்தைத் தொட்டோம், எண் மாறியது. இந்த சுகத்துக்காகத்தான் எல்லோரும் இங்கே இருக்கிறார்கள். ஒரு வேலையிடத்தை மதிப்பிடும்போது நான் கேட்பதும் அதையொட்டித்தான்: முந்தைய பத்தியின் நாட்களுக்கு இந்தப் பத்தியின் நாட்கள் எத்தனை கிடைக்கும்?

பட்ஜெட் உள்ள இடங்கள்

கேம், ஆடியோ, எம்பெடெட் (கருவிகளுக்குள்ளேயே பதிந்திருக்கும் கம்ப்யூட்டர்கள்) மூன்றையும் ஒரே கூடையில் போடுகிறேன். மூன்றிலும் கெடு எண்ணாகவே எழுதப்பட்டிருக்கிறது. விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.67 மில்லி விநாடி. 48 கிலோஹெர்ட்ஸ் ஆடியோவில் 128 சாம்பிள் பஃபர் என்றால் 2.67 மில்லி விநாடிக்குள் கால்பேக் (அடுத்த துண்டு ஒலியைத் தயாரிக்கும் ஃபங்ஷன்) முடிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் காதில் 'டக்' என்று கேட்கும். கெடுவுக்குள் வந்துவிட்டால் வேலை முடிந்தது. மேலும் 5 சதவீதம் குறைத்துக் கொடுத்தால் யாரும் மாலை போடப்போவதில்லை, குறைக்காவிட்டால் யாரும் கோபிக்கப்போவதும் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, மற்றவை சமமாக இருந்தால், நான் இந்தப் பக்கம்தான் சாய்வேன்.

மூன்றும் ஒரே மாதிரி என்று நினைத்துவிட வேண்டாம். கேமில் மிச்சம் பிடித்த 2 மில்லி விநாடி மிச்சமாகவே இருப்பதில்லை. அடுத்த வாரமே ஒரு புதுப் புகை எஃபெக்ட் வந்து அதைத் தின்றுவிடும். கெடு உங்களுடையது, ஆனால் வெளியீட்டுத் தேதி உங்களுடையது இல்லை. கடைசி மாதங்களில் வரும் 'கிரன்ச்' (ஓயாத ஓவர்டைம்) இந்தத் துறையின் ஊரறிந்த நோய். அதனால் கேம் வேலையில் களைப்பு அதிகம், வெறுமை குறைவு என்று சொல்லலாம். செய்தது திரையில் தெரிகிறதே.

ஆடியோவும் எம்பெடெடும் இன்னும் நிதானமானவை. அங்கே சராசரிக்கு மதிப்பில்லை, மோசமான கணம்தான் கணக்கு. ஆடியோ த்ரெட்டுக்குள் மெமரி ஒதுக்கக்கூடாது, லாக் பிடிக்கக்கூடாது, ஃபைல் தொடக்கூடாது. இந்தக் கட்டுப்பாடு சிலருக்கு மூச்சு முட்டும். சிலருக்கோ, யோசிக்க வேண்டியவை குறைந்து நிம்மதி தரும். இதில் பத்துப் பன்னிரண்டு வருடம் தாக்குப்பிடித்தவர்கள் இரண்டாம் வகை என்பது என் அனுமானம்.

பந்தயம் ஓடும் இடங்கள்

டிரேடிங்கில் அளவீடு அற்புதமாக இருக்கும். பாக்கெட் உள்ளே வந்த நேரம், ஆர்டர் வெளியே போன நேரம், இரண்டையும் நெட்வொர்க் கார்டே முத்திரை குத்தித் தருகிறது. கெர்னலை (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையம்) தாண்டிப்போகும் நெட்வொர்க் ஸ்டாக், தனியாக ஒதுக்கிய கோர், தூங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் லூப். தூய பெர்ஃபார்மன்ஸ் வேலை என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான். மேல்பார்வைக்கு, மூன்றாவது வகைச் சோர்வு இங்கே வரவே கூடாது.

வருகிறது. ஏனென்றால் இங்கே "போதும்" என்று சொல்வது எதிராளி. உங்கள் 800 நானோ விநாடி நல்லதா கெட்டதா என்பது அவருடைய எண்ணைப் பொறுத்தது, அவருடைய எண்ணோ உங்களுக்குத் தெரியாது. ஃபைபரில் ஒளி ஒரு மீட்டர் போக சுமார் 5 நானோ விநாடி ஆகிறது. கேபிள் நீளமே கணக்கில் வரும் இடத்தில் சாஃப்ட்வேரில் செய்யக்கூடியது தீர்ந்தபின் அந்தப் பாதையை எஃப்பிஜிஏவுக்கு (தேவைக்கேற்ப சர்க்யூட்டை மாற்றியமைக்கக்கூடிய சில்லு) கொடுத்துவிடுவார்கள். நீங்கள் இரண்டு வருடம் செதுக்கிய கோடு அதோடு ஓய்வு பெறும். வெளியே யாரிடமும் காட்டவும் முடியாது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவின் ஐஇஎக்ஸ் பங்குச்சந்தை, வேகத்தால் வரும் சாதகத்தைக் குறைக்கவே 38 மைல் ஃபைபரைச் சுருட்டிவைத்து, வரும் ஆர்டர்களை 350 மைக்ரோ விநாடி தாமதப்படுத்துகிறது. ஒரு பக்கம் நானோ விநாடிக்கு அடிபிடி, மறுபக்கம் சுருள் சுருளாகத் தாமதம். இதைக் கேட்டுச் சிரிக்க முடிகிறவர் டிரேடிங்குக்குப் போகலாம். "அப்படியென்றால் நாம் எதற்காக இதைச் செய்கிறோம்" என்று யோசிக்கத் தொடங்குகிறவர், மாஸ்லாக்கின் இரண்டாவது கூறுக்கு ஏற்கெனவே வாசல் திறந்துவிட்டவர்.

போட்டியே மருந்தாக இருக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: எத்தனை வருடம் என்று உள்ளே போகும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். உள்ளே இருந்துகொண்டு எடுக்கும் முடிவைப் பணம் வளைத்துவிடும்.

சர்வர் கூட்டங்கள்

பெரிய டேட்டா சென்டர் வேலையின் கவர்ச்சி பெருக்கல். கூகுள் ஆய்வாளர்களும் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து 2015-ல் வெளியிட்ட கணக்கில், அங்கே ஓடும் சைக்கிள்களில் கிட்டத்தட்ட 30 சதவீதம் மெமரி காப்பி, மெமரி ஒதுக்கீடு, கம்ப்ரஷன், சீரியலைசேஷன் போன்ற அடிப்படை வேலைகளுக்கே போய்க்கொண்டிருந்தது. அந்தச் சின்ன ஃபங்ஷன்களில் ஒன்றில் கை வைத்தால் அது ஆயிரக்கணக்கான மெஷின்களில் எதிரொலிக்கும்.

ஆனால் அங்கே வேலையில் பாதி, காவல் காப்பது. போன வருடம் 5 சதவீதம் மிச்சம் பிடித்தீர்கள். இந்த வருடம் நூறு கமிட்கள் (கோடில் சேரும் மாற்றங்கள்), ஒவ்வொன்றும் 0.05 சதவீதம் மெதுவாக்குகிறது, எதுவும் தனியாகக் கண்ணில் படாது. வருடக் கடைசியில் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. நீங்கள் இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும் என்பதை நிரூபிக்க வழி கிடையாது, பதவி உயர்வுக் கூட்டத்தில் நடக்காமல் போன விபத்துக்கு மதிப்பெண்ணும் கிடையாது. இந்தப் பக்கம் போகிறவர்கள் ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: ரிக்ரஷனை (முன்பைவிட மெதுவாகிப்போனதை) சிஐ (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பு) பிடிக்கிறதா, ஆள் பிடிக்கிறாரா? ஆள் என்றால் அந்த ஆள் நீங்கள்தான்.

ஓப்பன் சோர்ஸ்: பங்களிப்பவரும் பராமரிப்பவரும்

திருப்தி என்று பார்த்தால் கோடெக் (வீடியோ, ஆடியோவைச் சுருக்கி விரிக்கும் மென்பொருள்) வேலைக்கு இணையாக ஒன்றை நான் பார்த்ததில்லை. வீடியோலேன் அமைப்பின் டேவ்1டி, தனித் திட்டமான எஃப்எஃப்எம்பெக் போன்றவற்றில் 'செக்-ஏஎஸ்எம்' என்று ஒரு கருவி இருக்கிறது. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் சி மொழியில் ஒரு மூலம் இருக்கும். நீங்கள் அதை அசெம்பிளியில் (பிராசஸரின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் மொழி) எழுதுகிறீர்கள். கருவி இரண்டுக்கும் ரேண்டம் டேட்டா கொடுத்து விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும், பிறகு இரண்டின் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடும். எட்டு மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று எண் வந்து நிற்கும். வேலை ஒரு கைக்குள் அடங்குகிறது, சரியா தப்பா என்பது உடனே தெரிகிறது, யார் எழுதியது என்பது கமிட்டில் என்றைக்கும் இருக்கிறது. ஜேசன் என்ற டேட்டா வடிவத்தைப் படிக்கும் சிம்ட்-ஜேசனும் இதே ரகம். ஜெஃப் லாங்டேலும் டேனியல் லெமீரும் 2019-ல் வெளியிட்ட ஆய்வு, ஒரே கோரில் விநாடிக்கு கிகாபைட் கணக்கில் ஜேசன் படிக்கலாம் என்று காட்டியது. அந்தத் திட்டத்தை இன்று பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள்.

இதெல்லாம் பங்களிப்பவருக்கு. பராமரிப்பவரின் கதை வேறு, இரண்டையும் குழப்பிக்கொண்டு உள்ளே போகிறவர்கள்தான் அடிபடுகிறார்கள். எக்ஸ்இசட் கம்ப்ரஷன் லைப்ரரியைப் பல வருடம் ஏறக்குறைய ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவர், தன் மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்று 2022-ல் வெளிப்படையாகவே எழுதினார். பதிலுக்கு வந்ததில் நெருக்கடிதான் அதிகம். உதவ முன்வந்த ஒரு புனைபெயர்க்காரர் மெல்ல மெல்ல நம்பிக்கை சம்பாதித்து, 2024-ல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்தார். அதைப் பிடித்தது பாதுகாப்பு நிபுணர் இல்லை, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் டெவலப்பர். மைக்ரோ பெஞ்ச்மார்க்குக்காக மெஷினை அமைதிப்படுத்திக்கொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் (வேறொரு மெஷினுக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி இழுப்பது அவர் கண்ணில் பட்டது. அரை விநாடியை விடாத நம் குணத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடைக்காது. ஆனால் இந்தக் கட்டுரைக்குத் தேவையான பாதி முந்தையது: "போதும்" என்று சொல்லும் உரிமை முன்பின் தெரியாதவர்கள் கையில் போய்விட்டால் என்ன ஆகும் என்பது.

ஆகவே ஓப்பன் சோர்ஸுக்குப் போங்கள், பங்களிப்பவராக. கமிட் உரிமை தேடி வந்தால், சம்பளம் தரும் ஒரு நிறுவனம் பின்னால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள்.

மேலே ஏறிப்போவது

மேலே என்றால் சாதாரண அப்ளிகேஷன் வேலைக்கு. லோ-லெவல் ஆட்கள் இதைத் தோல்வியாகப் பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ஆன்லைன் லோடாக ஓர் ஆட்டக்காரரின் கம்ப்யூட்டரில் ஆறு நிமிடம் எடுத்தது. அவர் சோர்ஸ் கோடு இல்லாமலேயே புரொஃபைல் செய்து (நேரம் எங்கே போகிறது என்று அளந்து) 2021-ல் காரணத்தை வெளியிட்டார். 10 மெகாபைட் ஜேசன் ஒன்றைப் படிக்கும்போது, ஒவ்வொரு மதிப்பை எடுக்கவும் மிச்சமுள்ள மொத்த ஸ்ட்ரிங்கின் நீளத்தை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தது. போதாததற்கு, சுமார் 63,000 உருப்படிகளில் ஒவ்வொன்றையும் முந்தைய எல்லாவற்றோடும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. இரண்டையும் சரிசெய்ததும் 1 நிமிடம் 50 விநாடி. ராக்ஸ்டார் அந்தத் திருத்தத்தை ஏற்று 10,000 டாலர் பரிசும் கொடுத்தது.

இதில் சிம்ட் (ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் முறை) இல்லை, அசெம்பிளி எழுதவில்லை. ஆனால் டிஸ்அசெம்பிளரை (பைனரியை அசெம்பிளியாக மாற்றிக் காட்டும் கருவி) திறந்து பார்க்கப் பயப்படாத ஒருவர் தேவைப்பட்டார். அப்படிப்பட்டவர் ஒருவர்கூட இல்லாத டீம்கள் ஏராளம். அங்கே போனால் முதல் ஒரு வருடம் 2 சதவீதத்துக்காக மல்லுக்கட்ட வேண்டாம், மடங்கு மடங்காகவே கிடைக்கும். வெறுமை பிடித்து ஆட்டுகிறது என்பவருக்கு இதைவிட வேகமான சிகிச்சை எனக்குத் தெரியாது. எளிதானவை எல்லாம் தீர்ந்தபின் மீட்டிங்குகள் மிஞ்சும் என்பதும் உண்மைதான்.

மெஷினிடமே கேட்பது

மேலே சொன்ன எந்த இடத்துக்குப் போனாலும் "போதும்" என்பதை முழுக்க மற்றவர் கையில் விட வேண்டியதில்லை, ஏனென்றால் ஹார்ட்வேருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. வில்லியம்ஸ், வாட்டர்மேன், பேட்டர்சன் மூவரும் 2009-ல் முன்வைத்த ரூஃப்லைன் மாடல் அதைத்தான், மெமரியும் பிராசஸரும் விதிக்கும் உச்சவரம்பாக, கிராஃபில் வரைகிறது. ஒரு நோட்டுப் புத்தகக் கணக்கு போடலாம். டிடிஆர்4-3200 மெமரி, இரண்டு சேனல், அதிகபட்சம் விநாடிக்கு 51.2 கிகாபைட். 1 கிகாபைட் எண்களைக் கூட்டும் லூப், கேஷில் எதுவும் இல்லாதபோது, 19.5 மில்லி விநாடிக்குக் கீழே போகவே முடியாது. எல்லாக் கோர்களையும் ஓட்டி 24 மில்லி விநாடியில் முடிகிறதா? 81 சதவீதம் தொட்டுவிட்டீர்கள். நடைமுறையில் எட்டக்கூடியதில் பெரும்பகுதி அது. இனி அந்த லூப்பை அன்ரோல் செய்வதும் (விரித்து எழுதுவது) பிரீஃபெட்ச் தூவுவதும் (டேட்டாவை முன்கூட்டியே வரவழைப்பது) வீண். வேண்டுமானால் 32 பிட் எண்ணை 16 பிட் ஆக்க முடியுமா என்று கேளுங்கள், டேட்டா பாதியாகும், நேரமும் பாதியாகும். அது வேறு வேலை, வேறு உரையாடல்.

இந்தக் கணக்கை வேலை தொடங்கும் முன்பே போட்டு டிக்கெட்டில் எழுதிவைக்க விடுகிற மேனேஜர் எங்கே இருக்கிறாரோ, அந்த இடம் பந்தய வகையாக இருந்தாலும் தாங்கும். "இன்னும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு" என்று மட்டுமே சொல்கிறவர் ஆடியோ கம்பெனியில் இருந்தாலும் சிக்கல்தான்.

இனி தேர்வு. கசந்துபோனவருக்கு ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு அல்லது ஆடியோ, எம்பெடெட். வெறுமையில் இருப்பவருக்கு மேலே ஏறிப்போவது, குறைந்தது ஒரு வருடத்துக்கு. வெறும் களைப்பு மட்டும் என்றால் இடம் மாறவே வேண்டாம். விடுப்பு எடுத்துவிட்டு, திரும்பி வந்ததும் அடுத்த வெளியீட்டுத் தேதியைப் பற்றிப் பேசுங்கள். சர்வர் கூட்டங்களை யாருக்கும் முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன், ஏற்கெனவே அங்கே நல்ல டீமோடு இருப்பவரை வெளியே வா என்றும் சொல்லமாட்டேன்.

இரண்டு வருடம் விலகினால் பின்தங்கிவிடுவோமே என்ற பயம்தான் பலரையும் பிடித்து வைக்கிறது. பின்தங்குவது ஒரு பகுதி மட்டும். புதிய இன்ஸ்ட்ரக்ஷன்கள் வரும், போகும். ஏவிஎக்ஸ்-512 என்ற சிம்ட் இன்ஸ்ட்ரக்ஷன்கள் வழியாக எழுதிப் பழகியவர்கள் 2021-ல் ஆல்டர் லேக் தலைமுறை வந்தபோது இன்டெலின் டெஸ்க்டாப் சில்லுகளிலேயே அது கைவிடப்பட்டதைப் பார்த்தார்கள். அந்தப் பகுதியை மேனுவலோடு சில வாரம் உட்கார்ந்தால் பிடித்துவிடலாம். மற்றபடி எக்ஸ்86-ல் (இன்டெல், ஏஎம்டி பிராசஸர் குடும்பம்) கேஷ் லைன் இருபது வருடத்துக்கும் மேலாக 64 பைட்தான், மெமரிக்குப் போய்வர இன்னும் 100 நானோ விநாடிக்குப் பக்கத்தில்தான் ஆகிறது, தவறாகக் கணித்த பிராஞ்சுக்கு (புரோகிராம் எந்த வழியில் பிரியும் என்ற ஊகம் பொய்த்தால்) இன்னும் 15 முதல் 20 சைக்கிள்தான் தண்டம்.